படத்தில் இருப்பவரின் பெயர் என்ன?

கலை வரலாறு படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவி எனக்கு இப்படி எழுதியிருந்தார்: "கலையைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் அடையாளம், பிரதிநிதித்துவம், சமூக நீதி என்கிறார்கள். ஓவியம் வரைந்தும் புகைப்படம் எடுத்தும் இதுவரை எந்த அநீதி நின்றது? எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானே?" கோபத்தோடுதான் கேட்டிருக்கிறார். அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதால், இரண்டு வரியில் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினின் கெர்னிகா நகரம் விமானக் குண்டுவீச்சில் எரிந்தது. அடுத்த சில வாரங்களில் பிக்காசோ ஒரு சுவரையே அடைக்கும் அளவுக்குப் பெரிய துணியில், ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்தில், அந்தக் கொடுமையை வரைந்தார். உலகமே பார்த்தது. அதற்குப் பிறகும் ஊர்களின் மேல் குண்டு விழுவது நிற்கவில்லை. 2003 பிப்ரவரியில், ஈராக் போருக்கு முன்பு, ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு வெளியே தொங்கிய அந்த ஓவியத்தின் நெசவுப் பிரதியை நீலத்திரை போட்டு மறைத்தார்கள். 'பாருங்கள், ஓவியத்துக்கு அதிகாரம் அஞ்சுகிறது' என்று சொல்ல இதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். திரை போட்டது உண்மை. போர் நடந்ததும் உண்மை. அநீதியைத் தடுத்து நிறுத்தியதா என்ற ஒரே அளவுகோலை எடுத்தால், கலை பெரும்பாலும் தோற்றுத்தான் போகும்.

நான் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு மனிதரின் படம் கண்முன் வந்தால் சில கேள்விகள் எனக்குள் தானாக எழும். இவர் பெயர் என்ன? படம் எடுக்கச் சம்மதித்தாரா? அதில் வந்த காசு யாருக்குப் போயிற்று? இன்றைக்கு இது யார் கையில் இருக்கிறது? கலைக்கும் நீதிக்கும் உள்ள உறவு படத்தின் கருப்பொருளில் இருப்பதைவிட இந்தக் கேள்விகளில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் துணிபு. அதற்கு இரண்டு புகைப்படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

முதலாவது 1850-இல் எடுக்கப்பட்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் லூயி அகாசிஸ், மனித இனங்கள் தனித்தனியாகத் தோன்றியவை என்று நம்பியவர். அதற்குச் சான்று தேடி, தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைப் படம் எடுக்க ஏற்பாடு செய்தார். ஜோசப் ஸீலி என்பவர் தம் ஸ்டுடியோவில் எடுத்தார். ஏழு பேர், பதினைந்து தட்டுகள். வெள்ளிப் பூச்சுள்ள செப்புத் தட்டில் நேரடியாகப் பதியும் அந்தக் காலத்து டாகெரோடைப் படங்கள் அவை. அவர்களுள் ரெண்டி என்ற ஆப்பிரிக்க முதியவரும் அவர் மகள் டீலியாவும் உண்டு. மேலாடையைக் களைய வைத்து, முன்பக்கமும் பக்கவாட்டிலும் எடுத்திருக்கிறார்கள். பூச்சியைக் குத்திவைத்துப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறார்கள். டீலியாவின் ஆடை இடுப்புவரை இறக்கப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு முன்னால் மகளுக்கும், மகளுக்கு முன்னால் அப்பாவுக்கும் இது நேர்ந்திருக்கலாம் என்று எண்ணும்போது, அதற்கு மேல் அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு மனம் கூசும்.

இரண்டாவது, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிந்தியது. சோஜர்னர் ட்ரூத், நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து, 1826-இல் தன் கைக்குழந்தையோடு வெளியேறியவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மேடையில் பேசினால் கூட்டம் கட்டுண்டு கிடக்கும். தன் படத்தை எப்படி எடுக்க வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். வெள்ளைத் தொப்பி, தோளில் சால்வை, கண்ணாடி, மடியில் பாதி பின்னிய கம்பளி நூல், பக்கத்து மேசையில் ஒரு பூங்கொத்து. நடுத்தரக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் பின்னல் வேலையிலிருந்து தலை நிமிர்ந்து பார்க்கும் தோரணை. படத்தின் அடியில் ஒரு வாசகத்தை அச்சிட வைத்தார்: உடலைக் காப்பதற்காக நிழலை விற்கிறேன் என்பது அதன் பொருள். அந்தக் காலத்தில் புகைப்படத்தை நிழல் என்று சொல்வதுண்டு. ஒரு காலத்தில் உடலோடு சேர்த்து விற்கப்பட்ட பெண், இப்போது நிழலை மட்டும், தானே விலை வைத்து விற்கிறார். அதோடு விடவில்லை. 1864-இல் அந்தப் படத்தின் பதிப்புரிமையைத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். படம் எடுத்தவர் பெயரில் உரிமை இருப்பதுதான் அன்றைய வழக்கம்.

இரண்டிலும் கறுப்பினத்தவர் 'பிரதிநிதித்துவம்' பெற்றிருக்கிறார்கள். இரண்டிலும் இருப்பவர்கள் கேமரா முன் அமர்ந்த மனிதர்கள்தாம். ஆனால் ஒன்று சிறை. மற்றொன்று வீட்டுப் பத்திரம். காட்டப்படுவது வேறு, தன்னைத் தான் காட்டிக்கொள்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அடிமையாகப் பிறந்து தப்பி, அடிமை முறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்த ஃபிரெடரிக் டக்ளஸும் இதை நன்றாக அறிந்திருந்தார். வெள்ளையின ஓவியர்கள் கறுப்பினத்தவரின் முகத்தை உள்ளபடி வரைய மாட்டார்கள், மனத்தில் ஏற்கெனவே உள்ள கேலிச்சித்திரத்தைத்தான் வரைவார்கள் என்று 1849-இலேயே எழுதினார். அதனால் கேமராவைத் தேடித் தேடிப் போய் அமர்ந்தார். அவர் படங்கள் ஏறத்தாழ 160 கிடைத்திருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிகம் புகைப்படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் அவரே என்கிறார்கள். லிங்கன்கூட அவருக்குப் பின்னால்தான். பெரும்பாலான படங்களில் சிரிப்பு இல்லை. அடிமைகள் மகிழ்ச்சியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாட்டில், சிரிக்காமல் அமர்வதே ஒரு வாதம்.

கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும் என்ற அவருடைய நம்பிக்கை பிற்காலத்தில் பொய்த்ததையும் சொல்ல வேண்டும். கோடாக் நிறுவனம் வண்ணப்பட அச்சுக்கூடங்களுக்கு 'ஷெர்லி' அட்டை என்று ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிர் நிறத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் அது. அவள் தோல் சரியாக வரும்படி வண்ணங்களை அமைத்துவிட்டால் வேலை முடிந்தது. கறுத்த குழந்தையும் வெளுத்த குழந்தையும் ஒரே பள்ளிக்கூடப் படத்தில் நின்றால், கறுத்த குழந்தையின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும். தாய்மார்கள் குறைபட்டுக்கொண்டார்கள். ஆனால் சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு நிறங்கள் விளம்பரத்தில் வேறுபாடு தெரியாமல் வருகின்றன என்று புகார் செய்த பிறகுதான் ஃபிலிமைத் திருத்தும் வேலை சூடுபிடித்தது. மனித முகத்துக்குக் கிடைக்காத கவனம் மர மேசைக்குக் கிடைத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும். 2018-இல் வந்த ஓர் ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெளிர் நிற ஆண்களிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே தவறின. கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம்வரை தவறின. ஷெர்லி அட்டை இன்னும் ஓய்வு பெறவில்லை.

இனி பெயருக்கு வருகிறேன். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. மரீ-கிய்மீன் பெனுவா என்ற பெண் ஓவியர் வரைந்து 1800-இல் காட்சிக்கு வைத்தது. கறுத்த இளம்பெண் ஒருத்தி நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். தலையில் வெண்துணிக் கட்டு, காதில் பொன் வளையம், இடையில் சிவப்பு நாடா, நாற்காலியில் நீலச் சால்வை. ஒரு மார்பு திறந்திருக்கிறது. பார்வை நேராக நம்மீது விழுகிறது. அதில் கெஞ்சலும் இல்லை, வரவேற்பும் இல்லை. நீலம், வெள்ளை, சிவப்பு என்று பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்களும் அவளைச் சுற்றி இருப்பதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது 1794-இல். நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவந்தது 1802-இல். அந்த இடைவெளியில் வரையப்பட்ட படம் இது. விடுதலையின் வாழ்த்தா, அழகுப் பொருளாக்கலா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு இரண்டும் கண்ணில் படுகின்றன.

ஆனால் இரு நூற்றாண்டுகள் அந்தப் படத்துக்கு இருந்த தலைப்பு 'ஒரு நீக்ரோப் பெண்ணின் உருவப்படம்'. உருவப்படம் என்றால் இன்னாருடையது என்று பெயர் சொல்வதுதான் மரபு. இவளுக்கு மட்டும் இனத்தின் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள். குவாதலூப் தீவிலிருந்து ஓவியரின் கணவர் குடும்பத்தோடு வந்த பணிப்பெண் அவள் என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2019-இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சியில் அதே ஓவியம் 'மாட்லேனின் உருவப்படம்' என்று தொங்கியது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனாலும் 'இவள் எதன் மாதிரி?' என்று பார்த்துவிட்டு நகர்ந்தவர்கள், 'மாட்லேன், உன்னை இப்படி அமரச் சொன்னபோது உன் மனத்தில் என்ன ஓடியது?' என்று கேட்க வேண்டியதாகிவிட்டது. ஒரு சிறு அட்டையில் எழுதிய பெயர் அந்த வேலையைச் செய்தது.

1943 வங்கப் பஞ்சத்தின்போது மிதினாப்பூர் மாவட்டத்தில் நடந்தே அலைந்து வரைந்த சித்தபிரசாத் பட்டாச்சார்யாவுக்கு இது முன்பே புரிந்திருந்தது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை வெறும் 'பசி' என்று அவர் வரையவில்லை. இன்னார், இன்ன ஊர் என்று ஓவியத்தோடு குறித்துவைத்தார். அவற்றைத் தொகுத்து வெளியிட்ட சிறுநூலை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து அழித்தது.

பெயரைச் சொல்வதே எப்போதும் சரி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆட்கள் இரவில் அழைத்துச் செல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. எங்கே என்று கேட்டால், அப்படி ஒருவரைக் கைது செய்யவே இல்லை என்ற பதில் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படிக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர்களின் தாய்மார்களும் மனைவிகளும் சகோதரிகளும் தலைநகர் சாந்தியாகோவில், கத்தோலிக்கத் திருச்சபை கொடுத்த இடத்தில் கூடித் தைக்கத் தொடங்கினார்கள். கோணித்துணிதான் அடித்தளம், அதன் மேல் கிழிசல் துணிகள். அர்பியெரா என்று அதற்குப் பெயர்.

ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் முதலில் குழந்தைகள் அறையில் மாட்டும் அலங்காரம் என்றே தோன்றும். மேலே ஆண்டிஸ் மலைத்தொடர், பூப்போட்ட துணித்துண்டுகளால். அதன் மேல் மஞ்சள் சூரியன். கீழே பொம்மைகளைப்போல் சின்னச் சின்னப் பெண்கள், துணிக்குள் பஞ்சு அடைத்து, கம்பளி நூலால் முடி வைத்து. கண் இன்னும் கொஞ்சம் நெருங்கினால் அந்தப் பெண்கள் ஒரு பதாகையைப் பிடித்திருப்பது தெரியும். அதில் தையலால் எழுதியிருக்கும் கேள்வி: எங்கே இருக்கிறார்கள்? சில அர்பியெராக்களில் பயன்பட்ட துணி, காணாமல் போனவரின் சட்டையிலிருந்து வெட்டியது. கணவனின் சட்டையை வெட்டுவதற்குக் கத்தரிக்கோலை எடுத்த கை எத்தனை முறை திரும்பிப் போயிருக்கும்! பின்பக்கத்தில் ஒரு சிறு பை தைத்து, அதற்குள் மடித்த தாளில் நடந்ததை எழுதி வைத்த அர்பியெராக்களும் உண்டு. தைத்தவரின் கையொப்பம் பெரும்பாலும் இருக்காது. பெயர் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து.

அவை நாட்டைவிட்டு மறைவாக வெளியேறி, அயல்நாடுகளில் விற்பனையாயின. அந்தப் பணத்தில்தான், சம்பாதிக்கும் ஆள் போய்விட்ட வீடுகளில் பல நாள் உலை கொதித்தது. நாட்டின் பெயரைக் கெடுக்கும் வேலை என்று அரசு ஏசியது; எல்லையில் பிடித்த துணிகளைப் பறித்துக்கொண்டது. 1990-இல் ராணுவ ஆட்சி முடிந்தது. அர்பியெராவால்தான் முடிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வாக்கெடுப்பும் போராட்டமும் பன்னாட்டு அழுத்தமும் சேர்ந்து அதை முடித்தன. ஆனால் 'அப்படி ஒருவர் இல்லவே இல்லை' என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த 17 ஆண்டுகளில், 'இருந்தார், இதோ அவர் சட்டை' என்று சொல்ல அந்தப் பெண்களிடம் ஊசியும் நூலும் இருந்தன. எந்த ஓவியக் கல்லூரியிலும் படித்தவர்கள் அல்லர் அவர்கள். கலை என்ற சொல்லை நான் உச்சரிக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கைகள்தாம்.

அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் பரவியபோதும் தையல்தான் முன்னுக்கு வந்தது. அதிபர் அந்த நோயைப் பற்றி முதன்முறையாக முழு உரை ஆற்றியது 1987 மே மாத இறுதியில். அதற்குள் 20,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் திறந்த வெளியில் 1,920 துணித்துண்டுகளை விரித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. இறந்தவரின் பெயரை அவருடைய நண்பரோ துணைவரோ தாயோ தைத்திருந்தார்கள். சிலவற்றில் முதல் பெயர் மட்டுமே இருக்கும். குடும்பம் வெட்கப்பட்ட இடங்கள் அவை. துண்டுகள் பிற்காலத்தில் ஏறத்தாழ 50,000 ஆகி, முழுவதையும் விரிக்க இடம் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

மாணவியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: பாதிக்கப்படாத ஒருவர் பாதிக்கப்பட்டவரின் வலியை வரையலாமா? இதற்குச் சுலபமான பதில் கிடையாது. 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில்லை வெள்ளையர்கள் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். சிதைந்த முகத்தோடு உடல் சிகாகோவுக்கு வந்தபோது, தாய் மேமி டில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். என் மகனுக்குச் செய்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்றார். பல்லாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். கறுப்பினத்தவர் நடத்திய 'ஜெட்' இதழ் படத்தை வெளியிட்டது. கொன்றவர்களை நடுவர் குழு விடுதலை செய்தது. ஆனால் ஒரு தலைமுறையே அந்தப் படத்தை மறக்கவில்லை. வெள்ளையின ஓவியர் டேனா ஷூட்ஸ் அதே சவப்பெட்டிக் காட்சியை வண்ணத்தில் தீட்டினார்; 2017-இல் அது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. ஒரு கறுப்பினக் கலைஞர் அதன் முன் நின்று, மற்றவர்கள் பார்க்க முடியாதபடி மறித்தார். ஓவியத்தை அழித்துவிட வேண்டும் என்றுகூட ஒரு கடிதம் கேட்டது.

அழிக்கச் சொன்னதை நான் ஏற்கவில்லை. படத்தை எரிக்கும் பழக்கம் யாருக்குப் பயன்படும் என்பதைச் சித்தபிரசாதின் நூலிலேயே பார்த்தோம். ஆனால் மறித்து நின்றவரின் கேள்வி சரியான கேள்வி. பெட்டியைத் திறந்து வைப்பது ஒரு தாய் எடுத்த முடிவு. அவர் மகன், அவர் வலி, அவர் துணிவு. அந்த முடிவை எடுக்க வேண்டிய நிலையில் ஒருபோதும் இல்லாதவர் அதே பெட்டியைத் திறக்கும்போது, கை வேறாகிவிடுகிறது. பிறர் வலியை வரையவே கூடாது என்பது என் கட்சி அன்று. வரைபவர் அந்த வலியிடம் என்ன கடன் பட்டிருக்கிறார் என்பதைப் படத்திலேயே காட்ட வேண்டும் என்பேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வரும் கலைஞரிடம், 'உன் துன்பத்தை வரை, வாங்கிக்கொள்கிறோம்' என்கிறது கலைச்சந்தை. அவர் ஒரு பூவையோ வெயிலில் சைக்கிள் ஓட்டும் பையனையோ வரைந்தால் முகம் சுளிக்கிறது. அமெரிக்கக் கறுப்பின ஓவியர் எமி ஷெரால்ட் கறுப்பின மக்களைச் சாம்பல் நிறத் தோலோடு, பளிச்சென்ற உடையில், சும்மா நிற்பவர்களாக வரைகிறார். சும்மா இருக்கும் உரிமையும் ஓர் உரிமைதான். வசதி படைத்தவர்களின் உருவப்படங்கள் நூற்றாண்டுகளாகச் சும்மாதானே இருந்திருக்கின்றன!

நிறுவனங்களைப் பொறுத்தவரை, எண்ணிப் பார்ப்பதே நல்ல வழி. கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெயரில் கொரில்லா முகமூடி அணிந்த பெண் கலைஞர்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் போய் எண்ணினார்கள். 1989-இல் நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. நிர்வாண ஓவியங்களில் இருப்பவர்களில் 85 சதவீதம் பெண்கள். 2012-இல் திரும்ப எண்ணியபோது பெண் கலைஞர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. நிர்வாணங்களில் பெண்கள் 76 சதவீதம். 23 ஆண்டுகளில் சுவரில் உடையில்லாமல் நிற்கும் பெண்கள் கொஞ்சம் குறைந்தார்கள். தூரிகை பிடித்த பெண்கள் கூடவில்லை.

ரெண்டியையும் டீலியாவையும் பாதியில் விட்டுவந்தேன். அவர்களின் தட்டுகள் 1976-இல் ஹார்வர்டின் அருங்காட்சியக மேல்மாடியில் கண்டெடுக்கப்பட்டன. 1990-களில் கேரி மே வீம்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் அவற்றைப் பெரிதாக்கி, செந்நிறம் ஏற்றி, அந்த மனிதர்களை நோக்கியே பேசும் வரிகளைக் கண்ணாடியில் பொறித்தார். பல்கலைக்கழகம் வழக்குத் தொடுப்பதாக எச்சரித்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தப் படைப்பை அதே பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கிக்கொண்டது. 2019-இல் தமாரா லேனியர் என்ற பெண்மணி, ரெண்டி என் முன்னோர், அவர் படம் எங்கள் குடும்பத்துக்குத்தான் சேர வேண்டும் என்று நீதிமன்றம் போனார். ரெண்டியைப் பற்றித் தாய்வழியாகக் கேட்டு வளர்ந்த கதைகள்தாம் அவர் கையில் இருந்த முதல் சான்று. 2025 மே மாதம் உடன்பாடு ஏற்பட்டது. ஏழு பேரின் படங்களும் ஹார்வர்டைவிட்டு, அவை எடுக்கப்பட்ட அதே தென் கரோலினா மாநிலத்தில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும் என்பது முடிவு. 175 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஆனால் அது நீதிமன்றம் தந்த உரிமை அன்று. வழக்காடியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 2022-இல், லேனியருக்கு நேர்ந்த மன வேதனைக்காக வழக்கைத் தொடரலாம் என்றது. படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கோ பழைய பதிலையே சொன்னது: எடுக்கப்பட்டவருக்கு இல்லை, எடுத்தவருக்கு.